ஆடிட்டுக்கு இரவல் வாங்கிய குழந்தைகள்

சில்வெஸ்டர் பயந்த சுபாவம். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததுமே இறங்க வேண்டிய ஸ்டாப் தப்பிப் போய்விடுமோ என்று கவலைப்படுகிற ஆள். அப்படிப்பட்டவரைப் பிடித்து, ஆட்களை வேலைக்கு எடுக்கவும் நீக்கவும் ஒரு நாற்காலியில் உட்கார வைத்தது யார் குற்றம் என்று தெரியவில்லை. பெங்களூரில் பழைய மெட்ராஸ் ரோட்டில் இருந்த அந்த கார்மெண்ட்ஸ் கம்பெனியில் அவர் பல வருஷம் பெர்சொனல் ஆபீசராக இருந்தார். தொண்ணூற்றெட்டில் ஒரு நாள் எச்.ஆர். மேனேஜர் ஆனார். கதவில் இருந்த பலகை புதிது. சம்பளமும் வயிற்றெரிச்சலும் பழையவை.

மறுவருஷம் அமெரிக்காவிலிருந்து ஃபேக்ஸ் வந்தது. சட்டை வாங்குகிற பெரிய கடைக்காரர்கள் அப்போதுதான் ஒரு புது வழக்கத்தைத் தொடங்கியிருந்தார்கள். சட்டை நன்றாகத் தைக்கப்பட்டிருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது, தைக்கிறவர்கள் நன்றாக நடத்தப்படுகிறார்களா என்றும் பார்க்க வேண்டுமாம். வியாழக்கிழமை ஒரு பெண் ஆடிட்டர் வருவார் என்று ஃபேக்ஸ் சொன்னது. ஜெனரல் மேனேஜர் உமேஷ் உடனே சில்வெஸ்டரைக் கூப்பிட்டார். உமேஷுக்குக் கன்னடம் தாய்மொழி. சில்வெஸ்டரிடம் பேசும்போது மட்டும் தமிழைக் கலந்துகொள்வார்.

"பாத்ரூம் பெயிண்ட் ஆயித்து. ஃபயர் பக்கெட்ல மணல் ஆயித்து. க்ரெஷ் கதை என்னப்பா?"

மாடிப்படிக்குப் பக்கத்தில் 'சிசு விஹார' என்று கன்னடத்தில் எழுதிய ஒரு அறை இருந்தது. வேலை செய்கிற பெண்களின் கைக்குழந்தைகளுக்கு என்று கட்டியது. கட்டிய நாளிலிருந்து அதற்குள் இருந்தவை கழித்துக் கட்டிய சட்டைகளும் நூல்கண்டு அட்டைப்பெட்டிகளும்தான்.

"கொழந்தை இருந்தாத்தானே சார் க்ரெஷ்?"

"அதையே அந்த ஆடிட்டர் அம்மாகிட்ட சொல்லுவியா?"

சொல்ல முடியாது. முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்தால் க்ரெஷ் நடத்தியே ஆக வேண்டும் என்று ஃபாக்டரி சட்டம் சொல்கிறது. சட்டம் குழந்தைகளை எண்ணச் சொல்லவில்லை, பெண்களை எண்ணச் சொல்கிறது. அங்கே தைத்துக்கொண்டிருந்தவர்கள் நூற்றுக்கணக்கானவர்கள். அத்தனை பேரில் ஒருத்திக்கும் கைக்குழந்தை கிடையாது. பெங்களூரில் வேறெங்கும் காணக் கிடைக்காத அதிசயம் அது. அதிசயத்தை நிகழ்த்தியவர் சில்வெஸ்டர்தான். வேலை தேடிக் கேட்டில் வந்து நிற்கிற ஒவ்வொரு பெண்ணிடமும், "சின்னக் கொழந்தை இருக்காம்மா?" என்று கேட்பார். இருக்கிறது என்றவளைத் திருப்பி அனுப்புவார். மேலிடத்து உத்தரவு, எங்கும் எழுதி வைக்காத உத்தரவு. இல்லை என்று சொன்னவர்களை அவர் நம்பினாரா என்று கேட்டால், நம்பாமல் இருக்க அவருக்கு நேரம் இல்லை.

"வியாழக்கிழமை அந்த ரூம்ல கொழந்தைங்க விளையாடிட்டு இருக்கணும்," என்றார் உமேஷ். "எங்கேந்தாவது கூட்டிட்டு வா. தலெ கெடிஸ்கோபேட, ஒரு நாள் கூத்துதானே. இது ஃபெயில் ஆனா ஆர்டர் டாக்காவுக்குப் போயிடும். அப்புறம் இத்தனை பொம்பளைங்களுக்கும் நீதான் சோறு போடணும்."

தலையைக் கெடுத்துக்கொள்ளாதே என்று சில்வெஸ்டரிடம் சொல்வது மீனிடம் நனையாதே என்று சொல்வது மாதிரி. ஆர்டர் போனால் கம்பெனி மூடும், கம்பெனி மூடினால் அவர் வேலையும் போகும். காக்ஸ் டவுனில் வீட்டுக்குப் போய்ச் சேருகிற வரைக்கும் அதையே நினைத்துக்கொண்டு போனார். வாசலில் மனைவியைப் பார்த்ததும்தான் அவருக்கு யோசனை வந்தது.

ஆஞ்சலா, மர்பி டவுனில் சர்ச்சுக்காரர்கள் நடத்துகிற பால்வாடியைப் பார்த்துக்கொள்பவள். அங்கே கேட்பாரில்லாமல் ஒரு அறை நிறையக் குழந்தைகள். அதாவது, கேட்பார் இல்லை என்று அவர் நினைத்துக்கொண்டார்.

"வியாழக்கிழமை கம்பெனியில ஃபேமிலி டே," என்றார். "உன் பசங்களை அனுப்பேன். பொம்மை, கேக் எல்லாம் உண்டு. கம்பெனி வேனே வரும்."

ஆஞ்சலாவின் முகம் மலர்ந்தது. உடனே யோசனையும் வந்தது. "தாய்மாரைக் கேக்கணுமே."

"அவங்க வேலைக்குப் போயிருப்பாங்க. சாயந்திரம் அவங்க வர்றதுக்குள்ள கொண்டு வந்து விட்டுடறேன்."

எத்தனை குழந்தைகள், எந்த வயசு, யாருக்கு வாந்தி வரும், யார் கடிப்பார்கள் என்று எல்லாவற்றையும் துருவித் துருவிக் கேட்டுக்கொண்டார். பயந்தவர்கள் எல்லாவற்றையும் கேட்பார்கள். கேட்க வேண்டிய ஒன்றை மட்டும் விட்டுவிடுவார்கள்.

புதன்கிழமை சாப்பாட்டு நேரத்தில் பெண்களைக் கேண்டீனில் உட்கார வைத்துப் பாடம் நடத்தினார். ஆடிட்டர் இன்ன கேள்வி கேட்பார், இன்ன பதில் சொல்ல வேண்டும். ஓவர்டைம் கட்டாயமா? விருப்பப்பட்டால்தான். சூப்பர்வைசர் திட்டுவாரா? மரியாதையாகப் பேசுவார். அதைச் சொல்லும்போது பெண்கள் சிரித்துவிட்டார்கள். சில்வெஸ்டருக்கு வேர்த்தது.

"சிரிக்கக் கூடாது. தரையைப் பாக்கவும் கூடாது, தரையைப் பாத்தா பொய்னு தெரிஞ்சிடும். கண்ணைப் பாத்துச் சொல்லணும். கேட்டதுக்கு ஒரே பதில். கூட ஒரு வார்த்தை வேணாம்." சுற்றிலும் பார்த்தார். "நாலாவது லைன், காலர் தைக்கிற பொண்ணு. நீ எந்திரிம்மா. பேரென்ன?"

"சுனிதா சார்."

"ஓவர்டைம் கட்டாயமாம்மா?"

"இல்ல சார். விருப்பப்பட்டாத்தான்."

அவள் அவர் கண்ணைப் பார்த்துச் சொன்னாள். குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. அவருக்கே ஒரு நிமிஷம் அது உண்மை என்று தோன்றியது.

"இப்படித்தான். எல்லாரும் சுனிதா மாதிரி சொல்லுங்க," என்றார். பிறகு விஜி என்ற கல்யாணமாகாத பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டு, நாளைக்கு ஒரு குழந்தைக்கு அம்மாவாக இருக்க வேண்டும் என்றார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எந்தக் குழந்தை என்று மட்டும் கேட்டாள். எதுவாக இருந்தால் என்ன என்றார் சில்வெஸ்டர்.

வியாழக்கிழமை வேன் வந்தது. அறையில் அட்டைப்பெட்டிகள் போய்ப் பாயும் தொட்டிலும் பொம்மைகளும் வந்திருந்தன. தரை கூட்டுகிற லட்சுமம்மாவுக்குப் புதுப் புடவை கட்டி ஆயா ஆக்கியிருந்தார்கள். குழந்தைகள் பொம்மைகளைப் பார்த்ததும் வீட்டை மறந்தார்கள். சில்வெஸ்டர் ஒரு ஜெலுசில் மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டு ஆடிட்டருக்காக வாசலில் நின்றார்.

வந்தவர் பம்பாய்க்காரப் பெண்மணி. பருத்திப் புடவை, கழுத்தில் கேமரா. கணக்குப் புத்தகங்களைப் புரட்டினார், பாத்ரூம் கதவைத் திறந்து பார்த்தார், மணல் வாளியில் விரலை விட்டுக்கூடப் பார்த்தார். க்ரெஷ் வாசலில் செருப்பைக் கழற்றினார். அதுதான் சில்வெஸ்டரைக் கலங்கடித்தது. எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் செருப்பைக் கழற்ற மாட்டார்கள். அவர் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்து குழந்தைகளைப் படம் பிடித்தார். ஒவ்வொன்றின் பெயரையும் லட்சுமம்மாவிடம் கேட்டார். லட்சுமம்மா திருதிருவென்று விழித்தாள். நல்ல வேளையாகக் குழந்தைகளே கத்திக் கத்திப் பெயர்களைச் சொல்லின.

"இவர்களுடைய அம்மாக்களில் ஒருவரைப் பார்க்கலாமா?" என்று இங்கிலீஷில் கேட்டார் ஆடிட்டர். "நடுவில் வந்து பார்க்க நேரம் கொடுக்கிறீர்கள் அல்லவா? அதை நான் பார்க்க வேண்டும்."

விஜியைக் கூப்பிட்டார்கள். அவள் வந்து, கிட்டே இருந்த ஒரு பெண் குழந்தையைத் தூக்கினாள். கமலி என்று சற்று முன்னால் கத்திச் சொன்ன குழந்தை. அது முதுகை வளைத்துக்கொண்டு அலறியது.

"அம்மா வேணும்."

"இதோ அம்மாதான்டி செல்லம்," என்றாள் விஜி.

கமலி அவள் கையைக் கடித்தது. விஜி உதறியதும் கீழே வழுக்கி இறங்கி, திறந்திருந்த கதவு வழியாகத் தையல் ஹாலுக்குள் ஓடியது. சில்வெஸ்டர் பின்னாலேயே ஓடினார். வரிசை வரிசையாக மெஷின்கள், ஒரே இரைச்சல். குழந்தை ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போய், நாலாவது லைனில் நின்றது. சட்டென்று ஒரு முழங்காலைக் கட்டிக்கொண்டது.

"அம்மா."

அது சுனிதாவின் முழங்கால். பக்கத்தில் போய் நின்ற சில்வெஸ்டருக்கு அந்த இரைச்சலிலும் அந்தச் சொல் கேட்டது. சுனிதாவுக்குக் கேட்காமல் இருக்க வழியே இல்லை. ஆனால் அவள் திரும்பவில்லை. பெடலிலிருந்து காலை எடுக்கவில்லை.

"யார் கொழந்தை இது?" என்றாள். "ஆயாம்மா, வந்து தூக்கிட்டுப் போங்க. ஊசி இருக்குது, கைய வச்சிடப் போவுது."

குரல் நேற்றைப் போலவே இருந்தது, நடுக்கம் இல்லாமல். ஆனால் மெஷினில் காலர் முடிந்துபோயிருந்தது. துணியின் ஓரத்தைத் தாண்டி, தைக்க ஒன்றும் இல்லாத இடத்தில் ஊசி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அவள் நிறுத்தவில்லை. இந்தக் குழந்தை எதற்காகப் பகலெல்லாம் ஆஞ்சலாவின் பால்வாடியில் இருக்கிறது என்பது அப்போதுதான் அவருக்கு விளங்கியது.

நிமிர்ந்து பார்த்தார். ஹாலுக்குள் ஒரு குழந்தை ஓடி வந்தால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். பெரும்பாலும் பார்த்தார்கள், சிரித்தார்கள். அங்கங்கே சிலர் மட்டும் தலையை மெஷினுக்குள் விட்டுக்கொள்கிற மாதிரி குனிந்து தைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் குனிந்த தலைகளை எண்ண அவருக்குத் தைரியம் வரவில்லை.

லட்சுமம்மா வந்து கமலியைப் பிய்த்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. பின்னால் வந்த ஆடிட்டர் புன்னகை செய்தார். "இங்கே எல்லாருமே அதற்கு அம்மா போலிருக்கிறது," என்றார். புறப்படும்போது உமேஷின் கையைக் குலுக்கி, க்ரெஷ் தனக்கு மிகவும் பிடித்திருப்பதாகச் சொன்னார். அடுத்த முறை சொல்லாமல் வருவாராம். இதே குழந்தைகள் எவ்வளவு வளர்ந்திருக்கிறார்கள் என்று படத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பாராம்.

கார் கேட்டைத் தாண்டியதும் உமேஷ் சிரிப்பை நிறுத்தினார். அவரும் ஹாலில் நின்று பார்த்திருந்தார்.

"அந்த நாலாவது லைன் ஹெங்கஸு, காலர் தைக்கிற பொம்பளை. கொழந்தை அவளோடதுதானே? கேட்ல பொய் சொல்லி உள்ள வந்திருக்கா. பொய் டிக்ளரேஷன், கம்பெனி ஸ்டாண்டிங் ஆர்டர் பிரகாரம் மிஸ்காண்டக்ட். சார்ஜ்ஷீட் போட்டு வெளிய அனுப்பு. இன்னும் யார் யாருன்னு அவளையே கேளு. திங்கட்கிழமை எனக்குப் பேருங்க வேணும்."

அன்று சாயந்திரம் வீட்டில் ஆஞ்சலா அவருக்குத் தட்டு வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"கமலியோட அம்மா எங்க வேலை செய்றா?" என்றார்.

"கார்மெண்ட்ஸ்ல. பாதிப் பேர் கார்மெண்ட்ஸ்தான். எந்தக் கம்பெனின்னு யாரும் சொல்ல மாட்டாங்க. கொழந்தை இருக்குன்னு தெரிஞ்சா வேலை போயிடுமாம். அதனால நானும் கேக்கறதில்ல." ஆஞ்சலா அவரையே பார்த்தாள். "இன்னிக்கு அவ வந்து கொழந்தையைத் தூக்கினா. அது மூஞ்சியைத் திருப்பிக்கிச்சு. அவகிட்ட போக மாட்டேன்னு என் புடவையைப் பிடிச்சிக்கிட்டு அழுவுது. அவ என்னைப் பாத்து ஒரு வார்த்தை பேசல. அங்க என்னங்க நடந்துச்சு?"

அவர் சொன்னார். ஃபேமிலி டே என்ற பொய்யிலிருந்து தொடங்கி உமேஷ் கேட்ட பெயர்கள் வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னார். ஆஞ்சலா கத்துவாள் என்று எதிர்பார்த்தார். அவள் கத்தியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

"அந்தப் புள்ளைங்க ஏன் எங்கிட்ட இருக்குதுங்கன்னு ஒரு தடவையாவது யோசிச்சீங்களா?" என்றாள். அவர் தட்டை நகர்த்தி வைத்தார். "சரி. திங்கட்கிழமை என்ன பண்ணப் போறீங்க?"

அந்தக் கேள்வியோடுதான் அவர் வெள்ளியும் சனியும் ஆபீஸ் போனார், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் முழங்காலிட்டார். பெயர்களைக் கொடுத்தால் சுனிதாவும் அந்தக் குனிந்த தலைகளும் தெருவில் நிற்பார்கள். கொடுக்காவிட்டால் தான் நிற்க வேண்டும். ராஜினாமா செய்யலாமா என்றுகூட யோசித்தார். அடுத்து வருகிறவன் அதே சார்ஜ்ஷீட்டை ஒரு மணி நேரத்தில் அடித்துவிடுவான் என்று தோன்றியது. பாட்டுப் பாடுகிறவர்களோடு வாயை மட்டும் அசைத்துக்கொண்டு, மனசுக்குள் சட்டத்தின் பிரிவுகளைப் புரட்டினார்.

திங்கட்கிழமை உமேஷின் மேஜைக்கு எதிரே நின்றார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"சார்ஜ்ஷீட் கொடுக்கலாம் சார். கொடுத்தா என்கொயரி வைக்கணும். என்கொயரியில அவ, கேட்ல எதுக்கு அப்படிக் கேட்டீங்கன்னு கேப்பா. அப்புறம் லேபர் கோர்ட். அங்க என்னைக் கூண்டுல ஏத்துவாங்க. யார் சொல்லிக் கேட்டேன்னு அங்க கேட்டா நான் சொல்லியாகணும் சார். எனக்குப் பொய் சத்தியம் பண்ண பயம்."

"பெதரிக்கை காட்டறியா?"

"நான் யாரையும் பயமுறுத்தினதில்ல சார். எனக்குத்தான் பயம். இன்னொண்ணு. அந்த மேடம் கேமராவுல கமலி இருக்கா. நம்ம க்ரெஷ்ல இருக்கற கொழந்தைக்கு அம்மா நம்ம கம்பெனியில இருந்தா என்ன சார் தப்பு? இல்லாம போனாத்தான் தப்பு. திரும்பி வந்து, இந்தக் கொழந்தை எங்கே, இதோட அம்மா எங்கேன்னு கேட்டா நாம யாரைக் காட்டறது?"

உமேஷ் பேனாவால் மேஜையைத் தட்டிக்கொண்டே இருந்தார். "நீ யார் பக்கம்பா?" என்றார்.

"சட்டத்துல இருக்கறதைச் சொன்னேன் சார்."

"சரி. க்ரெஷ்ஷைத் திற. தினமும் நடத்து. நிஜ அம்மா, நிஜ கொழந்தை. அந்த ஆடிட்டர் அம்மா எப்ப வந்தாலும் அதே மூஞ்சிங்க இருக்கணும். இன்னொரு டிராமா வேணாம். ஹோகு, போ."

வெளியே வந்தபோது சில்வெஸ்டரின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அதே நாளில் கேண்டீனில் மைக்கைப் பிடித்து, தமிழிலும் கன்னடத்திலும் சொன்னார். நாளையிலிருந்து குழந்தைகளைக் கூட்டி வரலாம். யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். யாருக்கும் வேலை போகாது. கேட்டிலும் இனி அந்தக் கேள்வி கிடையாது. இதற்கு நான் பொறுப்பு. சொல்லி முடித்தபோது அவருக்குக் கண் கலங்கியது. பெண்கள் தட்டில் இருந்த சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை.

மறுநாள் காலையில் லட்சுமம்மா பாய் விரித்துப் பால் காய்ச்சி வைத்தாள். யாரும் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. முதல் நாள் கூச்சம் இருக்கும் என்றார் சில்வெஸ்டர். அடுத்த வாரமும் அதையே சொன்னார். காய்ச்சிய பாலை மத்தியானம் வாட்ச்மேன்கள் டீ போட்டுக் குடித்தார்கள். தினமும் வேலைக்கு வந்ததும் முதல் காரியமாக அந்தக் கதவருகே போய் நிற்பார். கேட்டில் ஒவ்வொரு பெண்ணின் இடுப்பையும் பார்ப்பார். இடுப்பில் டிபன் பைதான் இருக்கும். சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்கு வராது என்று லட்சுமம்மா சொன்னாள். அவள் யாரையும் குத்திச் சொல்லவில்லை, ஆனாலும் அவருக்குக் குத்தியது.

"உங்களுக்கு ஒண்ணு சொல்லணும்," என்றாள் ஆஞ்சலா ஒரு நாள். "கமலி இப்ப எங்கிட்டயும் வர்றதில்ல. இன்னும் சில பேரும் நின்னுட்டாங்க. வீட்டுல விட்டுக் கதவைப் பூட்டிட்டுப் போறாங்கன்னு அக்கம்பக்கத்துல பேசிக்கறாங்க."

பூட்டிய வீட்டுக்குள் ஒரு குழந்தை. அன்றிரவு அவர் தூங்கவில்லை. மறுநாள் டீ இடைவேளையில், யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து, சுனிதாவை க்ரெஷ் வாசலுக்குக் கூப்பிட்டார். அவள் வந்து நின்றாள். உள்ளே தொட்டில் காலியாக இருந்தது. அன்றைக்குக் கமலி வைத்து விளையாடிய ரப்பர் யானை பாயின் ஓரத்தில் கிடந்தது. சுனிதாவின் பார்வை அதன்மேல் பட்டு உடனே விலகியதை அவர் பார்த்தார்.

"நான் உன்னை ஒண்ணும் செய்ய மாட்டேம்மா. ஜி.எம்.கிட்டயும் பேசி முடிச்சாச்சு," என்றார். அவர் குரல் கெஞ்சியது. "கொழந்தையைப் பூட்டி வச்சிட்டு வராதே. நாளைக்கு இங்க கூட்டிட்டு வா. கமலி உன் கொழந்தைதானேம்மா?"

சுனிதா நிமிர்ந்தாள். தரையைப் பார்க்கவில்லை. அவர் கண்ணையே பார்த்தாள்.

"இல்ல சார். எனக்குக் கொழந்தை இல்ல."

கேட்டதற்கு ஒரே பதில். கூட ஒரு வார்த்தை இல்லை. பெல் அடித்தது. அவள் நாலாவது லைனுக்குத் திரும்பிப் போனாள்.